போஸ்ட்டைத் தூக்கியது யார்? எந்தச் சட்டப்படி? கேட்கிற உரிமை நமக்கு இருக்கு!



கொஞ்சம் நீளமான பதிவு. ஆனா கடைசி வரைக்கும் படிங்க. உங்க கையில இருக்கிற போனைப் பற்றின விஷயம் இது.

போன மழைக்கு எங்க ஊர்ல ஒரு தம்பி வீடியோ போட்டான். பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடாம விட்ட பள்ளம், அதுல நிறைஞ்சு நிக்கிற மழைத்தண்ணி, ஓரமா ஒட்டி ஒட்டி நடந்து போற ஸ்கூல் பிள்ளைங்க. மொத்தம் நாற்பது செகண்ட். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு பொய் இல்லை. மூணாவது நாள் வீடியோவைக் காணோம். “சட்டப்படியான கோரிக்கையின் பேரில் இந்தப் பதிவு இந்தியாவில் காட்டப்படாது” என்று ஒரே ஒரு வரி மெயில். கேட்டது யார்? எந்த அலுவலகம்? எந்தப் பிரிவு? ஒண்ணுமே இல்லை.

தம்பி எனக்குப் போன் பண்ணி முதல்ல கேட்டது இதுதான்: “அண்ணே, வீட்டுக்குப் போலீஸ் வருமா?”

அன்னைக்கு ராத்திரியே ரெண்டு வருஷமா போட்ட பதிவுகளை எல்லாம் அவனே உட்கார்ந்து டெலிட் பண்ணிட்டான். ஒரு வீடியோவை எடுத்தது அவங்க. மீதி எல்லாத்தையும் எடுத்தது பயம்.

இந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்றைய தலையங்கம்.

அன்று ஆசிரியர் கைது, இன்று திறக்காத பக்கம்

1987. எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்து அட்டைப்படத்தில் ஒரு ஜோக் போட்டதற்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறை என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்ப்பளித்தது. நாடே கொந்தளித்தது. சில நாட்களிலேயே அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. அவர் நீதிமன்றம் போனார், வென்றார். 1,000 ரூபாய் இழப்பீடும் உத்தரவானது.

அந்தத் தண்டனை தப்பு. ஆனா ஒண்ணு கவனிங்க. தண்டித்தது யார் என்று ஊருக்கே தெரிந்தது. எந்தப் படத்துக்காக என்று தெரிந்தது. அதனாலதான் எதிர்த்துக் கேட்க முடிந்தது.

2025 பிப்ரவரி. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் கைவிலங்கோடு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்ட நேரம். பிரதமர் மோடி விலங்கோடு அதிபர் டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல விகடன் பிளஸ் இதழ் ஒரு கார்ட்டூன் போட்டது. பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. தளம் முடங்கியது முதலில், முறையான நோட்டீஸ் வந்தது அதற்குப் பிறகு. ஒரு பக்கத்துக் கார்ட்டூனுக்காக மொத்த இணையதளத்துக்கும் பூட்டு! மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது.

விகடனுக்கு வக்கீல் இருக்காங்க, வாசகர்கள் இருக்காங்க, நூறு வருஷப் பெயர் இருக்கு. எங்க ஊர்த் தம்பிக்கு என்ன இருக்கு? ஒரு வரி மெயில்தான் இருக்கு.

செத்த சட்டம் எழுந்து நடந்த கதை

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல் வந்தது. 2008 டிசம்பரில் அதைத் திருத்தி 66ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இணையத்தில் “எரிச்சல்” தருகிற, “அசௌகரியம்” உண்டாக்குகிற தகவலை அனுப்பினால்கூட 3 ஆண்டு வரை சிறை. யாருக்கு எரிச்சல்? எவ்வளவு எரிச்சல்? சட்டத்தில் அளவுகோலே இல்லை.

விளைவு என்ன? 2012ல் மேற்கு வங்கத்தில் முதலமைச்சரைப் பற்றிய கார்ட்டூனை மெயிலில் அனுப்பிய பேராசிரியர் கைது. அதே வருடம் மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்ட புதுச்சேரித் தொழிலதிபர் கைது. அதே வருடம் நவம்பரில் மகாராஷ்டிராவின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்ட ஒரு இளம்பெண் கைது. அந்தப் போஸ்ட்டுக்கு லைக் போட்ட தோழியும் கைது!

2015 மார்ச் 24. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அமர்வு 66ஏ பிரிவை அரசமைப்புக்கு விரோதம் என்று முழுசா ரத்து செய்தது.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சோம். முடியலை தோழர்களே. 2021 மார்ச் நிலவரப்படி 11 மாநிலங்களில் 745 வழக்குகள் அந்தச் செத்துப்போன பிரிவின் கீழ் இன்னும் நடந்துகொண்டிருந்தன என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தார்கள். கடைசியில் 2022 அக்டோபரில், 66ஏ பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று தனியாக ஒரு உத்தரவு போட வேண்டி வந்தது. ரத்தான சட்டத்தை மறுபடி ஒரு தடவை ரத்து செய்த மாதிரி!

இன்னொன்றையும் நேர்மையா சொல்லிடணும். 66ஏ பிரிவைக் கொண்டு வந்தது ஒரு கூட்டணி அரசு. அதைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் வாதாடியது அடுத்து வந்த கூட்டணி அரசு. அதிகாரத்தில் யார் உட்கார்ந்தாலும் இந்த ஆயுதம் கைக்கு வசதியாத்தான் இருக்கு.

ஒரு “அல்லது” செய்கிற வேலை

66ஏ ஆளைப் பிடிச்சது. இப்போ இருப்பது பதிவைப் பிடிக்கிறது. அதற்கு இரண்டு வழி.

முதல் வழி, பிரிவு 69ஏ. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு மாதிரி குறிப்பிட்ட காரணங்களுக்காக மத்திய அரசு ஒரு பக்கத்தை முடக்கலாம். 2020 ஜூனில் டிக்டாக் உள்பட 59 சீனச் செயலிகளை முடக்கியது இந்தப் பிரிவில்தான். 2015ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. ஏன்? குழு விசாரிக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், அதை வைத்துப் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம் என்ற பாதுகாப்புகள் இருக்கே என்பதற்காக.

அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் என்ன ஆச்சு? 2009 விதிகளில் 8வது விதியைப் பாருங்க. பதிவு போட்ட நபருக்கு “அல்லது” நிறுவனத்துக்கு நோட்டீஸ் தரணுமாம். இன்ஜினியரிங்ல முதல் வருஷமே ‘ஆர்’ கேட், ‘அண்ட்’ கேட் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? ‘ஆர்’ கேட்டில் இரண்டு இன்புட்டில் ஒண்ணு வந்தாலே போதும், அவுட்புட் வந்துடும். நிறுவனத்துக்கு ஒரு மெயில் போனா போதும், விதி நிறைவேறிடும். எழுதினவனுக்குச் சொல்லவே வேண்டாம்! எழுதியவர் யார் என்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்று ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பே தெளிவாகச் சொல்லியிருக்கு. அதாவது அங்கே இருக்க வேண்டியது ‘அண்ட்’. போதாக்குறைக்கு, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது 16வது விதி. காரணத்தை எழுதி வைப்பாங்களாம், ஆனா நமக்குக் காட்ட மாட்டாங்களாம். பூட்டு நம்ம வீட்டுக்கு, சாவி எங்க இருக்குன்னு கேட்டா ரகசியமாம்! இந்த விதிகளை எதிர்த்த மனுவில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.

இரண்டாவது வழி, பிரிவு 79(3)(பி). 69ஏ மெயின் ரோடு என்றால் இது சர்வீஸ் ரோடு. மெயின் ரோட்டில் செக்போஸ்ட் இருக்கு. இங்கே அந்தக் குழு விசாரணையே கிடையாது. பயனர் போடும் பதிவுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பதுதான் 79ன் அடிப்படை. “இது சட்டவிரோதம், எடு” என்று அரசு சொல்லியும் எடுக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2021 விதிகள் வந்தபோது அதற்குக் கொடுத்த கெடு 36 மணி நேரம். கோர்ட் கேஸில் சிக்குவதா, உங்க வீடியோவைத் தூக்குவதா என்று வந்தால் கம்பெனி எதைச் செய்யும்? நீங்களே சொல்லுங்க.

இந்த உத்தரவுகளை வேகமாக அனுப்புவதற்கென்றே மத்திய உள்துறை ‘சஹ்யோக்’ என்ற போர்ட்டலை நடத்துகிறது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட மனுவை கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. அதன் பிறகு வந்த திருத்தத்தில் ஒரு சின்ன நல்லதும் உண்டு. 2025 நவம்பர் 15 முதல், இணைச் செயலாளர் அளவிலான அதிகாரியோ, போலீஸ் என்றால் டி.ஐ.ஜி. நிலை அதிகாரியோதான் இந்த உத்தரவு போட முடியும். காரணமும் சொல்ல வேண்டும். வரவேற்போம். ஆனா அந்தக் காரணம் யாருக்குப் போகுது? கம்பெனிக்கு. பதிவு போட்டவனுக்கு அதே ஒரு வரி மெயில்தான்.

“அப்போ எதையுமே நீக்கக் கூடாதா?”

அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு பெண்ணின் படத்தை மார்பிங் செய்து போட்டால், புகார் வந்த 24 மணி நேரத்தில் எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொன்னது சரி. அது இன்னும் வேகமா நடக்கணும். குழந்தைகளைச் சீரழிக்கும் படம், கலவரத்தைத் தூண்டும் பொய், பணமோசடி லிங்க், இதெல்லாம் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது.

நாம கேட்பது ஒண்ணே ஒண்ணு. எடுக்கிறவர் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். என்ன காரணம் என்று எழுதியவரிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும். அவசரம்னா முதல்ல எடுங்க, 48 மணி நேரத்துக்குள்ள காரணத்தைச் சொல்லுங்க.

இது ஒண்ணும் ஆகாத காரியம் இல்லை. 2018 மே மாதம், துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தது நமக்கு மறக்காது. 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று சொன்னது. மாவட்டத்துக்கே இணையத்தை நிறுத்தும்போது உத்தரவைக் காட்டணும்னா, ஒரு தம்பியோட நாற்பது செகண்ட் வீடியோவுக்குக் காட்டுறதுல என்ன கஷ்டம்?

நாம என்ன செய்யணும்?

1. பதிவு போனால் பதறி மீதியை டெலிட் பண்ணாதீங்க. லிங்க், தேதி, வந்த மெயில் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ஒரிஜினல் வீடியோவைத் தனியா சேமிங்க.

2. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. 2021 விதிகள் அவருக்குக் கொடுத்த கெடு 15 நாள். திருப்தி இல்லையா? 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

3. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் மரியாதையா கேளுங்க: “எந்தப் பிரிவு சார்? எழுத்துல நோட்டீஸ் தாங்க.” கைது தேவைப்படாத வழக்கில் ஆஜராகச் சொல்ல பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் என்ற முறை இருக்கு. யாராவது 66ஏ என்று சொன்னால், அது 2015லேயே செத்துப்போச்சு என்று எடுத்துச் சொல்லுங்க. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.

4. நாம போட்டது பொய்னு தெரிஞ்சா யாரும் சொல்றதுக்கு முன்னாடி நாமே எடுத்துடணும். “தவறான தகவல், நீக்கிவிட்டோம்” என்று ஒரு வரி போடணும்.

5. இதுதான் ரொம்ப முக்கியம். நம்ம வாட்ஸ்அப் குரூப்பிலேயே “இந்த ஐடியை எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க” என்று மெசேஜ் வருது. நம்ம தலைவரைக் கிண்டல் பண்ணிட்டான் என்பதற்காக ஒருத்தன் பக்கத்தைக் காலி பண்றதும், காரணம் சொல்லாம வீடியோவைத் தூக்குறதும் ஒண்ணுதான். நிறுத்துங்க. மீமுக்கு மீம்ல பதில் சொல்லுவோம்.

நாளைக்கு அதிகாரம் நம்ம கையிலேயே இருந்தாலும் இந்தக் கோரிக்கை மாறக் கூடாது. மாறினால் இந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து நம்ம முகத்துக்கு நேரா நீட்டுங்க. அதுக்காகத்தான் எழுதி வைக்கிறோம்.

கடைசியா ஒண்ணு. அந்தத் தம்பிகிட்ட வீடியோ ஒரிஜினல் போன்லேயே இருந்தது. இதெல்லாம் சொன்ன பிறகு குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டிருக்கான். பதில் இன்னும் வரலை. ஆனா நேத்து அதே பள்ளத்துப் பக்கத்துல நின்னு புதுசா ஒரு வீடியோ எடுத்து அனுப்பினான். “அண்ணே, பள்ளம் அப்படியேதான் இருக்கு. போடட்டுமா?”ன்னு கேட்டான்.

போடு தம்பி. நாங்க இருக்கோம்.

படிச்சவங்க பகிருங்க. உங்க பதிவும் இப்படிக் காரணம் சொல்லாம போயிருந்தா, கீழே எழுதுங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி

#காரணத்தைச்_சொல் #யார்_நீக்கியது