தேனிலவுக்கு எத்தனை நட்சத்திரம்?

மேட்டுப்பாளையத்துக்காரர்களான நமக்குத் தேனிலவுத் தம்பதியர் புதியவர்கள் அல்லர். காலையில் நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, மலை ரயிலுக்கு மாறி உதகைக்குப் போகும் அவர்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் மணமான கையோடு பாரிசுக்கும் வியன்னாவுக்கும் புறப்படுகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் விடுதி தேர்ந்தெடுக்கும் முறைதான் நம்மை உறுத்துகிறது.

'ஐந்து நட்சத்திரம்' என்றதும் கேள்விகள் முடிந்துவிடுகின்றன. ஐரோப்பா முழுமைக்கும் ஒரே நட்சத்திர அளவுகோல் கிடையாது. பிரான்சில் ஐந்தாம் நட்சத்திரமே 2009இல்தான் வந்தது. அதற்கும் மேலாக 'பேலஸ்' என்ற தகுதியை 2010இல் வைத்தார்கள். நட்சத்திரங்கள் பெரும்பாலும் வசதிகளை எண்ணுபவை. ஜன்னலைத் திறந்தால் தெரிவது நதியா, பின்சுவரா என்று அவை சொல்வதில்லை.

1898இல் பாரிசில் விடுதி திறந்த செசார் ரிட்ஸ், அறைதோறும் குளியலறை அமைத்தார். அந்நாளில் அது அரிது. ஆடம்பரம் என்பதற்கு அங்கே தனிமை என்றும் ஒரு பொருள் இருந்தது.

ஒன்பது நாளில் ஏழு நகரம் என்று ஓடுபவர்களுக்கு அந்தத் தனிமை ஏது? இரவு பத்துக்கு நுழைந்து காலை ஏழுக்குப் பெட்டி கட்டுவதற்கு எந்த அறையும் போதும். ஒரே நகரம், பழைய வீதிகளுக்கு நடந்தே போகக்கூடிய ஒரே விடுதி, அவசரமில்லாத நாட்கள் - இதுவே நம் பரிந்துரை. நம் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்காகவே அதில் ஏறுகிறார்கள்.

இன்னொன்று: பணம் கட்டுமுன் மணப்பெண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பல வீடுகளில் அதுதான் நடப்பதில்லை.