கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கிய கார்

சகோதரிகளே, இந்த முறை அடுப்படியை விட்டுக் கார் நிற்கும் திண்ணைப் பக்கம் வந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வடுகபட்டிக்குப் பூண்டு மார்க்கெட்தான் பெயர். மலைப்பூண்டு பார்க்க என் வீட்டுக்காரர் அடிக்கடி கொடைக்கானல் ஏறுவார். போன மாதம் நானும் பேரனும் கூடப் போனோம். காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் டீசல் கார் இழுக்க மறுத்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கு. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, எதிரே லாரி இறங்க, வளைவில் வண்டி ஊர்ந்தது. பேரன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஓரம் கண்ட இடத்தில் திருப்பி, மெதுவாக இறங்கி வந்தோம்.

"டர்போ போச்சு, மாத்தணும்" என்றார் முதலில் பார்த்த மெக்கானிக். விலையைக் கேட்டதும் என் கை தானாக வளையலைத் தொட்டது.

பெரியகுளத்தில் என் தம்பி மகன் இந்தத் தொழில்தான் செய்கிறான். "அத்தை, குழந்தைக்குக் காய்ச்சல்னா முதல்ல தெர்மாமீட்டர் சரியான்னு பாப்பீங்கல்ல?" என்றான்.

டர்போ என்பது ஒரு காற்றாடி. எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் சுற்றி, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். அந்த அழுத்தத்தை அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது பூஸ்ட் சென்சார். அளவு தாறுமாறாக வந்தால், எஞ்சினைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் அதன் பலத்தைக் குறைத்துவிடும்.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரை மாட்டினான். அந்த நேரம் டர்போ சுற்றாது. சென்சார் சாதாரணக் காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். எங்கள் ஊர் உயரத்துக்கு 98 கிலோ பாஸ்கல் வாக்கில். அது காட்டியதோ 140! சும்மா நிற்கிற வண்டிக்கு ஏது அவ்வளவு காற்று?

பிளக்கில் 5 வோல்ட் வருகிறதா, ஒயர் அரித்திருக்கிறதா என்று பார்த்தான். அது சரி. சென்சாரைக் கழற்றினால், முனையில் எண்ணெயும் கரியும் அப்பம்போல் ஒட்டியிருந்தது. குத்தாமல், சுரண்டாமல், அதற்கான ஸ்பிரே அடித்துக் காயவைத்தான். மறுபடி மாட்டினால் 98. (சுத்தம் செய்தும் தேறாவிட்டால் புதுசு போட வேண்டும், அதுவும் டர்போ விலையில் சிறு பங்குதான்.)

டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் தடவிப் பார்த்தான். குழாய் கிழிந்து காற்றுக் கசிந்தாலும் இழுவை குறையும், கரும்புகை வரும். ஆனால் அப்போது சென்சார் உண்மையைத்தான் சொல்லும். "டர்போ மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "எஞ்சின் ஓடாதப்ப சென்சார் என்ன காட்டுது? குழாயைப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்த வாரமே கொடைக்கானல் ஏறினோம். வளைவெல்லாம் வண்டி சிட்டாய்ப் பறந்தது. மேலே போய், இரவல் வாங்கிய ஸ்கேனரை நானே மாட்டிப் பார்த்தேன். 2,100 மீட்டர் உயரத்தில் காற்று இளைத்துத்தானே இருக்கும்? 79 காட்டியது.