கோட்டைச் சிறைக்கூண்டும் கண்டியரசனும்

கொழும்புக் கோட்டையில், ஜனாதிபதி மாவத்தையிலுள்ள செலிங்கோ கட்டட வளவில், நாலைந்து பேர் நின்றாலே நிறைந்துவிடும் ஒரு பழைய கூண்டு நிற்கிறது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறையிருந்த இடம் என்று அதைக் காட்டுகிறார்கள். கல்கிசை மாளிகைக்கு ஒரு காதல் கதை ஒட்டிக்கொண்டதுபோல், கோட்டைக்கு இந்தச் சோகக் கதை ஒட்டிக்கொண்டது. இரண்டையும் கேட்டவர் அதிகம், ஆராய்ந்தவர் குறைவு.

மதுரை நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி 1798இல், பதினெட்டு வயதளவில், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினான். ஏற்றிவைத்த முதலமைச்சன் பிலிமத்தலாவையே பின்னர் பிரித்தானியருடன் சேர்ந்து அவனைக் கவிழ்க்கச் சூழ்ச்சி செய்தான். 1814இல், தன்னை எதிர்த்த பிரதானி எகலப்பொலையின் மனைவி மக்களுக்கு அரசன் விதித்த கொடிய மரணம், எஞ்சியிருந்த ஆதரவையும் தின்றது. அதை மறைத்து அவனைத் தியாகியாக்கவும் வேண்டியதில்லை. 1815 பெப்ரவரி 18இல் மெதமகாநுவரைப் பகுதியில் பிடிபட்டவன், மார்ச் 6இல் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டான்.

அடுத்து நடந்ததை அக்கால இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல் எழுதியிருக்கிறார். கோட்டைக்குள் விசாலமான வீடொன்று அரசனுக்காக அலங்கரிக்கப்பட்டிருந்தது. அதைக் கண்ட அரசன் நன்றியும் சொன்னான். பிரித்தானியர் ஆதலால் மூடி மறைத்தார் என்று மார்ஷலைத் தள்ளிவிட முடியாது. கண்டி விடயத்தில் தம்மவரைக் குறைகூறத் தயங்காதவர் அவர். தவிர, அரசிகளும் உறவினரும் உடனிருந்த ஒருவனைப் பத்து மாதத்துக்கு மேல் அந்தக் கூண்டுக்குள் எப்படி வைத்திருப்பது? அது காவலர் நின்ற இடமாக இருந்திருக்கலாம் என்பதே பொருந்தும் ஊகம். பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டினியன் தன் தளபதி பெலிசாரியஸின் கண்களைப் பறித்துப் பிச்சையெடுக்க விட்டான் என்ற கதையும் இப்படிப் பிற்காலத்தில் முளைத்ததே. விழுந்தவன் முற்றாக விழுந்தால்தான் கதைக்குத் திருப்தி.

இந்தப் பொய்யிரக்கம் உண்மையான அநீதியை மறைக்கிறது. அது கல்லில் இல்லை, 1815 மார்ச் 2இல் ஒப்பமான கண்டி உடன்படிக்கையில் இருக்கிறது. அரசனின் குலத்துக்கு அரியணை உரிமை என்றென்றைக்குமாக மறுக்கப்பட்டது. அவனுடைய ஆண் உறவினர் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் கால்வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள், அதாவது தமிழர், அனுமதியின்றித் திரும்பினாலும் அதே தண்டனை. ஒருவனுடைய கொடுங்கோலுக்கு ஒரு கூட்டமே நாடிழந்தது. 1816 ஜனவரி 24இல் ‘கோர்ன்வாலிஸ்’ கப்பல் அரசனையும் குடும்பத்தாரையும் சென்னைக்கு ஏற்றிச் சென்றது. வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் காவலிலிருந்து, 1832 ஜனவரி 30இல் அவன் இறந்தான்.