வாய்ப் புற்றுநோய்: அயோடின் உண்டு, வாயைப் பார்ப்பவர் இல்லை

புதுதில்லி: வாய்ப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளைக் கண்டறிய உதவும் எளிய முறைகளுள் ஒன்று, கன்னத்தின் உட்புறத்தில் 'லூகால்' அயோடின் கரைசலைத் தடவிப் பார்ப்பது. பிரெஞ்சு மருத்துவர் ழான் லூகால் 1829-ல் உருவாக்கிய இக்கரைசல் மிக மலிவானது.

நலமான சளிச்சவ்வின் செல்களில் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கும். அயோடின் பட்டதும் அப்பகுதி பழுப்பு நிறமாகிறது. கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்களில் இச்சத்து குறைந்துவிடுவதால் அவ்விடம் நிறம் ஏறாமல் வெளிறி நிற்கும். திசு எடுக்க வேண்டிய இடத்தையும் பாதிப்பின் எல்லையையும் தீர்மானிக்க மருத்துவருக்கு இது துணைபுரிகிறது. கருப்பைவாய்ப் பரிசோதனையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் உத்திதான் இது.

ஆயினும், ஈறு, மேலண்ணம் போன்ற தடித்த தோல் கொண்ட பகுதிகளில் இயல்பாகவே நிறம் சரியாக ஏறாது. புகையிலையை அடக்கி வைப்போரின் கன்னச் சவ்வும் நாளடைவில் தடித்துவிடுகிறது. புண், அழற்சி உள்ள இடங்களும் வெளிறித் தோன்றும். அதாவது, யாருக்குச் சோதனை மிகவும் தேவையோ அவர்களிடமே ஐயத்துக்கு இடமான முடிவுகள் வரக்கூடும். அயோடின் ஒவ்வாதவர்களுக்கு இது கூடாது. எப்படியும் திசுப் பரிசோதனையே முடிவானது.

உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1.43 லட்சம் பேர் உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாயினர். சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தனர். சாயம் ஏதுமின்றிப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கண்ணால் பார்த்தே பல உயிர்களைக் காக்க முடியும் என்பதைக் கேரளம் காட்டியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி, 2005-ல் முடிவுகள் வெளியான ஆய்வில், புகையிலை, மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது.

முப்பது வயதைக் கடந்தோருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் வழிமுறை வகுத்தது. ஆனால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 0.9 சதவீதம் பேரும் ஆண்களில் 1.2 சதவீதம் பேரும் மட்டுமே எப்போதேனும் இச்சோதனைக்கு உட்பட்டிருந்தனர்.

இந்நிலையில் கிராமப் பணியாளர் கையில் அயோடின் புட்டியைக் கொடுப்பதால் பெரும் பயன் விளையாது. ஐயத்துக்குரியோர் அனுப்பப்படும் மாவட்ட மருத்துவமனையில், திசு எடுக்கும் பல் மருத்துவரிடம் இருப்பதே பொருத்தம். அங்கு திசுவை ஆராய்ந்து முடிவு சொல்லும் வசதியும் உடனிருக்க வேண்டும்.