விலை உயர்ந்த மருந்துதான் நல்ல மருந்தா?

நம் உழைக்கும் ஜனங்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரோடிக் கிடக்கிறது. விலை அதிகமானால் அது நல்ல மருந்து. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுத்தால் அது வெறும் சுண்ணாம்பு மாத்திரை! நெஞ்சுச் சளியோ மாரடைப்போ எது வந்தாலும், மனைவி காதில் கிடக்கும் கம்மலை அடகு வைத்தாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே நீட்டப்படும் பில்லில் எவ்வளவு பெரிய தொகை இருக்கிறதோ அவ்வளவு பெரிய வைத்தியம் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்பதை ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிய ஆராய்ச்சி ஒன்று நம் சென்னை நகரிலேயே நடந்தது. அதை நடத்திக் காட்டியதில் சென்னை நகரத்து ஏழைகளுக்கும் பங்கு உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மருந்து சாப்பிட்டான், பிழைத்தான் என்றால் போதாது. சாப்பிடாமலே பிழைத்திருப்பானோ என்னவோ! மேட்டுப் பாத்தியில் ஒரு விதையையும், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இன்னொரு விதையையும் தூவிவிட்டு, இதுதான் நல்ல விதை என்று எந்த விவசாயியாவது தீர்ப்புச் சொல்வானா? மனிதர் விஷயமும் அப்படித்தான். டாக்டரே ஆள் பார்த்து மருந்து கொடுத்தால், தேறக்கூடியவனாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார். பெயர் மருந்துக்குப் போய்விடும். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். சீட்டுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. கம்பெனியின் பெயரும் தெரியாது.

1948ல் பிரிட்டனில் வெளியான காசநோய்ப் பரிசோதனை இப்படி நடந்ததுதான். ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது புது மருந்து. கைவசம் இருந்ததோ கொஞ்சம். சீட்டுப்படி 55 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர். மருந்தின் பலம் அப்பட்டமாகத் தெரிந்தது. தனி மருந்தாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிப்போய் மீண்டும் தலைதூக்குகிறது என்பதும் அங்கேயே தெரிந்தது. டி.பி.க்கு இன்றும் கூட்டாகவே மருந்து கொடுப்பது அதனால்தான்.

இனிச் சென்னைக்கு வருவோம். அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, கறி. இதெல்லாம் இல்லாமல் நோய் தீராது என்பது உலகமெங்கும் பெரிய டாக்டர்களின் தீர்ப்பு. நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில். சானடோரியப் படுக்கைகளோ விரல்விட்டு எண்ணும்படி. அப்படியானால் குடிசையில் கிடக்கும் கூலிக்காரன் சாக வேண்டியதுதானா?

இந்தக் கேள்வியைத்தான் 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வைத்திய ஆராய்ச்சி நிலையம் கையில் எடுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய காரியம் அது. தலைமை தாங்கியவர் டாக்டர் வாலஸ் பாக்ஸ். 193 நோயாளிகளைச் சீட்டுப்படி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறுபாதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, தங்களுக்குக் கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்ஸும், பன்னிரண்டு மாதம். பி.ஏ.எஸ். லேசான மருந்தல்ல; வயிற்றைக் கலக்கும், குமட்டும். அதை ஒரு வருஷம் விடாமல் விழுங்க வேண்டும். சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரையும் சோதித்தார்கள். ஏழைக்குப் பொறுப்பு கிடையாது, மருந்தைத் தூக்கி எறிந்துவிடுவான் என்று பேசிய கனவான்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்குச் சென்னை நோயாளிகள் பதில் சொன்னார்கள்.

முடிவு 1959ல் வெளியாயிற்று. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்து இரு பிரிவும் சமமாகவே நின்றது. வீட்டில் இருந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்ற பயமும் ஆதாரமற்றது என்று தெரிந்தது. ஒட்டுவது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முந்திய நாட்களில்தான். மருந்து ஆரம்பித்ததும் தொற்று விரைவில் அடங்கிவிடுகிறது. சென்னைக் குடிசைகளில் கிடைத்த இந்த உண்மை, பணக்கார நாடுகளிலும் சானடோரியங்களை மூட வைத்தது. சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் நடந்து வருகிறது.

ஆனால் இதே முடிவை வைத்து இன்னொரு வாதமும் கிளம்பியது. பாலும் முட்டையும் இல்லாமலே நோய் தீருகிறதே, ஆகவே டி.பி.க்குச் சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும் என்றார்கள். செலவுக்குக் கை சுருக்கும் சர்க்கார்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? பரிசோதனை என்பது சாட்சி மாதிரி. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வந்த நோய் மருந்தால் தீருமா என்றுதான் சென்னையில் கேட்டார்கள். பட்டினி நோயை வரவழைக்கிறதா என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க அறுபது வருஷம் ஆயிற்று. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில், சேத்துப்பட்டு நிலையமும் சேர்ந்து நடத்திய பரிசோதனை அது. 2,800 டி.பி. நோயாளிகள், அவர்கள் வீட்டு மனிதர்கள் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டு மனிதர்களில் சீட்டு விழுந்த பிரிவினருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. குழந்தைகளுக்கு இதில் பாதி. அரிசியும் பருப்பும் போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. சளியில் கிருமி காணும் ரகம் ஏறக்குறையப் பாதியாயிற்று. 2023 ஆகஸ்டில் இதை வெளியிட்டார்கள். ஊசியல்ல, புது மருந்தல்ல, அரிசியும் பருப்பும்!

மத்திய சர்க்கார் டி.பி. நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியது. நல்லது. ஆனால் நோயாளியின் வீட்டு மனிதர்களுக்கு உணவு? அதற்கு 'நிக்ஷய் மித்ரா' என்று தர்மவான்களின் கையை எதிர்பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். தர்மப் பிரபு கிடைத்த ஊரில் குழந்தைகளுக்கு நோய் வராது, கிடைக்காத ஊரில் வரும் என்பது என்ன நியாயம்? நியாயவிலைக் கடை இருக்கிறது. குடும்ப அட்டை இருக்கிறது. நோயாளியின் பெயர் சர்க்கார் பதிவேட்டில் இருக்கிறது. தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் ஆறு மாதத்துக்கு அந்தக் கடையிலேயே தனியாக அளந்து கொடுக்கட்டும். இதை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை. பரிசோதித்து நிரூபணமான வைத்தியமாகக் கேட்கிறோம்.

சேத்துப்பட்டின் பக்கத்துப் பேட்டை கீழ்ப்பாக்கம். கொரோனா இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், அங்கே மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் ஊசிக்காக ஜனங்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தார்கள். நாடு பூராவும் கள்ள மார்க்கெட்டில் அந்த ஊசி பறந்தது. ஆனால் அந்த மருந்து சாவைச் சொல்லும்படியாகக் குறைக்கவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிசோதனை 2020 அக்டோபரிலேயே அறிவித்திருந்தது! பின்னால் 2022ல் வந்த முழுக் கணக்கிலும், ஆக்சிஜன் பெறும் கட்டத்தில் இருந்தவர்களுக்குச் சிறு பயன் மட்டுமே தெரிந்தது.

உயிரைக் காப்பாற்றியது எது? டெக்ஸாமெதசோன் என்ற பழைய மருந்து. அதற்கு மதிப்பு சில ரூபாய்தான். பிரிட்டனில் 6,425 நோயாளிகளிடம் சீட்டுப்படி சோதித்தார்கள். சுவாசக் கருவியில் இருந்தவர்களில் நூற்றுக்கு 41 பேர் இறந்த இடத்தில், இந்த மருந்து பெற்றோரில் 29 பேர். 2020 ஜூனில் வந்த முடிவு இது. அதே சோதனையில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இம்மருந்தால் பயனில்லை என்றும் தெரிந்தது. மலிவானது என்பதற்காகக் கடையில் தாமே வாங்கி விழுங்குவதும் தப்பு. மலிவு மருந்துக்கு விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனியும் வராது. கம்மலை விற்று ஊசி வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

மாரடைப்பு விஷயத்துக்கு வருவோம். அது பணக்காரன் வியாதி என்று நம்மில் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நைட் ஷிப்டிலும் களத்துமேட்டிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களைப் பார்த்த பிறகும் சொல்கிறார்கள்! இரத்தத்தில் கொலஸ்டிரால் என்ற கொழுப்பு மிகுந்தால் குழாய்ச் சுவரில் படிந்து வழியை அடைக்கிறது. அதைக் குறைக்கும் ஸ்டேடின் மருந்தின் மூலத்தை 1973ல் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், 2024ல் காலமானார். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கடைசியில் கியோட்டோ நகரில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த பூஞ்சையில் அதைக் கண்டார். 1994ல் முடிவு வெளியான, ஸ்காண்டிநேவிய நாடுகளில் இருதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடந்த பரிசோதனையில், ஐந்து வருஷத்துக்குச் சற்று அதிகமான காலத்தில், ஸ்டேடின் பெறாதோரில் 256 பேர் இறந்தார்கள். பெற்றோரில் 182 பேர்.

இரத்தக் கணக்கு அழகாகிவிட்டால் போதும் என்பதும் இல்லை. 'நல்ல கொலஸ்டிராலை' ஏற்றுகிறது என்று பெரும் செலவில் தயாரித்த டார்செட்ராபிப் என்ற மருந்தைச் சுமார் 15,000 பேரிடம் சோதித்தார்கள். கொலஸ்டிரால் சொன்னபடி ஏறியது. மருந்து சாப்பிட்டவர்களில் சாவும் ஏறியது. 2006 டிசம்பரில் நிறுத்தினார்கள். சீட்டுப் பரிசோதனை இல்லாதிருந்தால் அது கடைக்கு வந்திருக்கும்.

இப்போது ஸ்டேடினின் காப்புரிமைக் காலம் முடிந்து, பல கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கின்றன. ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் 236 கிராமங்களில், ஸ்டேடினும் ஆஸ்பிரினும் இரத்த அழுத்த மருந்துகளும் சேர்ந்த ஒரே மாத்திரையைச் சோதித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இருதய நோய்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2019ல் வெளியாயிற்று. அப்படியும் யாருக்குக் கிடைக்கிறது? 2011ல் வந்த பல நாட்டு ஆய்வின்படி, மாரடைப்போ பக்கவாதமோ முன்பே கண்டவர்களில் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 66 பேர் ஸ்டேடின் சாப்பிட்டார்கள். ஏழை நாடுகளில் 3 பேர்!

பரிசோதனை என்ற பெயரில் ஏழையை எலியாக்குகிறார்களே என்று தோழர்கள் கேட்கலாம். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: புரியும் பாஷையில் விளக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், பரிசோதனையால் கேடு வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் தர வேண்டும். விளக்காமல் நீட்டும் காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். விளக்கியபின், மருந்து நிரூபணமானால் எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்றும் கேளுங்கள்.

2023 ஜூனில் தமிழக சர்க்கார் 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ஸ்டேடின் எனப் பதினான்கு மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கிராமத்துத் தோழர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வலி வந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. ஆனால் அது முதல் நாளைய மருந்து. பிழைத்து வந்தவன் தினம் தினம் சாப்பிட வேண்டிய மாத்திரை மாதம் தவறாமல் கிடைக்கிறதா? ஆலைச் சங்கங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்ஸரியிலும், விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் சுகாதார நிலையத்திலும் போய், எத்தனை நாள் இருப்பு இருக்கிறது என்று கேட்கட்டும்.