நாள் கணக்கும் நோய்க் கணக்கும்

கடல் கடந்து சென்று கைத்திறமையை விற்று ஜீவனம் செய்வது கொடுமுடிக்குப் புதிய காரியமன்று. 1908-ல் இவ்வூரில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், நாடகங்களில் நடிக்க இலங்கைக்குப் போய் வந்த காலத்தில், 1926-ல் நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் அங்கே மேடையேறிய அந்த நாட்களில், இந்தியாவில் 1922-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் அமலில் இருந்தது. இலங்கையிலோ 1932-ல்தான் வருமான வரி பிறந்தது. ஆகவே அக்கரையில் வாங்கிய பணத்துக்கு அக்கரையில் கணக்குக் கேட்பாரில்லை. தொண்டை கட்டிக்கொண்டாலும் கேட்பாரில்லை. நடித்தால் ஊதியம், படுத்தால் இல்லை என்பதே அக்காலத்து நாடகக்காரர் பலரின் வாழ்க்கை. கிட்டப்பா நோய்வாய்ப்பட்டு, 1933 டிசம்பரில், 27 வயதிலேயே மறைந்தார்.

என்னை அப்புச்சி என்று அழைக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், கரூர்ப் போர்வைகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவன், வருஷத்தில் பாதியை இங்கும் பாதியைத் துபாயிலும் கழிக்கிறான். ஃப்ரீலான்சர் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறான். “ரண்டு ஊர்லயும் என்ற நாளை எண்ணிக்கிட்டே இருக்கறாங்க, அப்புச்சி” என்று அவன் சிரித்தபோது, அச்சிரிப்புக்குப் பின்னாலிருந்த சட்டத்தை நானும் சிரத்தையுடன் படித்துப் பார்த்தேன்.

நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியவன் இந்தியவாசி; உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் பொதுவாக இங்கே வரி. அதற்குக் குறைந்தாலும், அவ்வாண்டில் 60 நாளும் முந்திய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் சேர்ந்தால் அவ்வாறே. வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு ஊர் பார்க்க வரும் குடிமகனுக்கு அந்த 60 என்பது 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. அச்சலுகையையும், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவருக்கு 120 நாளாக 2020-ல் குறுக்கிவிட்டார்கள். இதோடு நின்றதா? அதே வருமானமுள்ள குடிமகன் வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவனாயின், ஒரு நாள்கூட இங்கே காலெடுத்து வைக்காவிட்டாலும் அவனை இந்தியவாசியாகவே பாவிக்கலாம் என்றும், அவன் தொழில் இந்தியாவில் அமைக்கப்பட்டதாயின் அத்தொழிலால் வெளியே வரும் பணமும் இங்கே வரிக்குரியதே என்றும் சட்டம் விரிகிறது. வந்திறங்கிய நாளைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று தீர்ப்பாயம் வரை வழக்காடியிருக்கிறார்கள்! 1961-ஆம் வருஷத்துச் சட்டம் போய், 2025-ஆம் வருஷத்துப் புதுச்சட்டம் 2026 ஏப்ரல் முதல் வருகிறது; நாட்களை எண்ணும் வழக்கம் மட்டும் போகவில்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சாலையும் பள்ளியும் வேண்டுமென்றால் வரி வேண்டும். ஒரே வருமானத்தை இரு சர்க்கார்களும் சுரண்டாதிருக்க, இந்தியா 90-க்கும் மேற்பட்ட நாடுகளோடு உடன்படிக்கை செய்திருக்கிறது. அமீரகத்தோடு 1992-லேயே கையெழுத்தாயிற்று. என் மனத்தாங்கல் வேறு. வரிக்காக ஒரு மனிதனை இவ்வளவு நுட்பமாகத் தேடிப் பிடிக்கும் சர்க்கார்கள், அவன் படுக்கையில் விழும்போது அவன் யாருடையவன் என்பதைத் தீர்மானிக்க ஒரு ஷரத்தும் எழுதி வைக்கவில்லை.

துபாயில் மருத்துவக் காப்பீடு இல்லாமல் வசிப்பதற்கு விசா கிடையாது. எஜமானர் இல்லாதவன் தானே வாங்க வேண்டும். அங்கே விற்கும் அடிப்படைப் பாலிசி பொதுவாகக் கொடுமுடியில் வரும் காய்ச்சலை அறியாது. இங்கே வாங்கும் பாலிசி பெரும்பாலும் கடலைத் தாண்டாது. ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு, நம் பையன் இரண்டிலும் சேரான். சொந்தப் பாலிசியிலோ, ஏற்கெனவே உள்ள சர்க்கரை வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். இடையில் புதுப்பிக்கத் தவறினால் காத்திருந்த காலம் வீணாகிவிடும். பிரீமியத்துக்கு வரியில் கிடைக்கும் 25,000 ரூபாய்க் கழிவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டுமே.

விதிவிலக்காக ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, இம்மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, அவர் எந்த நாட்டவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கரூர்ச் சாலையில் லாரி மோதி விழுந்தவனை எத்தனை நாள் இங்கே தங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை. சர்க்கார் நினைத்தால் இப்படியும் எழுத முடிகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் மாரடைப்பு சாலை விபத்தன்று.

உடனே நிறைவேற்றக்கூடிய காரியம் ஒன்று என் புத்திக்குப் படுகிறது. வரி உடன்படிக்கையைத் திருத்த இரு நாட்டாரும் அடுத்த முறை கூடும்போது, ஒரு நாட்டுக் காப்பீட்டில் கழித்த காத்திருப்புக் காலத்தை மற்ற நாட்டுக் காப்பீடும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தனியாக ஓர் ஒப்பந்தமும் எழுதிக்கொண்டால், நாளை எண்ணும் அந்தச் சாமர்த்தியம் நோயாளிக்கும் உதவுமல்லவா? ஈரோட்டில் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“யோசனை நல்லாத்தானுங்க இருக்குது. அது வர்றவரைக்கும் பையனை இங்கத்துப் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமையோட கெடு முடியுதுங்க” என்றார்.