கையொப்பம் நற்சான்று ஆகுமா?

வலைப்பக்கங்களில் ஓடிய ஜாவா ஆப்லெட்டுகளுக்கு மின்னணுக் கையொப்பம் கேட்டார்களே, அது எதைச் சொல்கிறது? நிரலை வெளியிட்டவர் இன்னார், இடையில் எவரும் திருத்தவில்லை, அவ்வளவே. நிரல் நல்லதா தீயதா என்று அது சொல்வதில்லை. இன்னார் என்பதிலும் ஏமாற்று உண்டு. 2001 ஜனவரியில், மைக்ரோசாப்ட் ஊழியர் எனப் பொய் சொன்ன ஒருவருக்கு வெரிசைன் நிறுவனம் அப்பெயரிலேயே இரு சான்றிதழ்களை வழங்கிவிட்டது!

வேடிக்கை யாதெனில், கையொப்பமில்லா ஆப்லெட் நெடுங்காலம் வேலிக்குள் அடைபட்டே ஓடியது. கணினியின் கோப்புகளைத் தொட இயலாது. கையொப்பமிட்டதோ, எச்சரிக்கைப் பெட்டியில் நாம் ஒருமுறை அழுத்தியதும், வீடு முழுவதும் உலவலாயிற்று. அப்பெட்டியைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

2012, 2013 ஆண்டுகளில் வேலியிலும் ஓட்டைகள் தென்பட்டன, மெய்தான். அதற்காக 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7-இன் 51ஆம் திருத்தம், கையொப்பமற்றவற்றையும் தாமே ஒப்பமிட்டுக்கொண்டவற்றையும் தடுத்தது நேரிதன்று என்பேன். ஊசலையும் அலையையும் விளக்க ஆசிரியர்கள் இலவசமாய் எழுதிய ஆப்லெட்டுகள் முடங்கின. அவர்கள் காசு கட்டிச் சான்றிதழ் வாங்குவார்களா? விதிவிலக்குப் பட்டியலில் முகவரியைச் சேர்த்துக்கொள்ளலாமாம். எந்த மாணவன் அதைத் தேடிச் சென்று சேர்த்தான்?